வெளியே நிற்கச் சொன்னவள்

இந்த இடத்தில் ஆள் இருக்கிறார்களா, அம்மா? இல்லையென்றால் சற்றுத் தள்ளி உட்காருங்கள். நன்றி. என் முழங்காலுக்கு இந்த மாடிப்படி ஒரு தண்டனை. குழந்தைகள் நலக் குழு என்று பெயரை வைத்துவிட்டு, அலுவலகத்தை இரண்டாம் மாடியில் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பில் பிள்ளையோடு வருகிறார்கள். எவருக்காவது தோன்றியதா?

நீங்கள் எதன் பொருட்டு வந்திருக்கிறீர்கள்? தத்தெடுக்கவா? மிக நல்லது. கணவர் நகல் எடுக்கப் போயிருக்கிறாரா? பெண் குழந்தை என்றால் இன்னும் நல்லது. பெயரை மட்டும் பொருள் அறிந்து வையுங்கள்.

நான் மங்கையர்க்கரசி. முப்பத்தாறு ஆண்டு தமிழாசிரியை. அதில் கடைசி ஒன்பது ஆண்டு தலைமையாசிரியை. என்னைச் சாட்சி சொல்ல அழைத்திருக்கிறார்கள். சாட்சி சொல்வேன், ஆனால் நான் வந்தது ஒரு முறையீட்டோடு. ஒரு பெண் டாக்டர் மீது. பதினொன்றரைக்குக் கூப்பிடுவார்கள். அந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? அப்படியானால் இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

என் வீட்டு மாடியில் குலசேகரன் என்று ஒருவன் மூன்றாண்டாகக் குடியிருக்கிறான். குடியிருப்பவன் என்பதா? என் மாணவன். நான் வகுப்பெடுத்த பிள்ளைகளில் அவனைப்போல் ஒருவன் கிடையாது. அப்பன் இல்லாத வீடு. அம்மா இட்லி விற்றாள். பத்தாம் வகுப்பில் மாவட்டத்தில் இரண்டாமிடம். இன்று மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். இன்னும் என் எதிரில் நாற்காலியில் உட்கார மாட்டான். மனைவி சுகந்தி, அதிகம் பேசாதவள். ஒரே பெண், ஆறு வயது. குழந்தையின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று கீழே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், பார்த்தேன். பதிவேட்டில் இருப்பது வேறு ஏதோ பெயர். பொருள் கேட்டால் இணையத்தில் பார்த்து வைத்தேன் என்றான். நான் தாரகை என்றுதான் அழைப்பேன். ஆதலால் தாரகை என்றே சொல்கிறேன். விதி மீறியது ஆகாது.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. குலசேகரன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். இடது கை மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, வளைந்திருந்தது. "படியில விழுந்துட்டா, டீச்சர்." அவன் முகம் வெளுத்திருந்தது. அழுத முகம், அம்மா, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானும் உடுத்திய புடவையோடு ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோவில்தான் கவனித்தேன். "எந்தப் படியில்?" என்று நான் கேட்கிறேன். "மேல் படி" என்கிறான் இவன். அதே நேரத்தில் சுகந்தி, "பாத்ரூம்ல வழுக்கி…" என்று தொடங்கி நிறுத்துகிறாள். குழந்தையைக் கேட்டால் அவள் அப்பன் முகத்தைப் பார்க்கிறாள். எனக்கு உடல் பதறிவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், கையைப் பார்த்துக்கூட அவ்வளவு பதறவில்லை. மூன்று பேர், மூன்று விடை! ஆஸ்பத்திரியில் என்ன நினைப்பார்கள்? படித்த குடும்பம் என்று சொல்வார்களா?

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நேரத்தை வீணாக்குவானேன்? நானே விடையை அமைத்துக் கொடுத்தேன். "காலையில் பள்ளிக்குப் புறப்பட்டு மாடிப்படியில் இறங்கியபோது, நான்காம் படியில் கால் தவறிக் கீழே விழுந்துவிட்டேன்." ஒரே வாக்கியம். முன்னால் காலம், அடுத்து இடம், பிறகு காரணம். குழந்தையை ஐந்து முறை சொல்லவைத்தேன். வலியில் விம்மிக்கொண்டே சொன்னாள், பாவம். ஆனால் ஐந்தாம் முறை ஒரு சொல் பிசகவில்லை. சுகந்தியையும் ஒரு முறை சொல்லச் சொன்னேன். குலசேகரனைச் சொல்லச் சொல்லவில்லை. அவன் கற்பூரம், கேட்டாலே போதும்.

இதைத்தான் இப்போது பெரிய குற்றமாகப் பேசுகிறார்கள். கட்டுரையில் பிழை இருந்தால் திருத்துவது ஆசிரியையின் வேலையா, இல்லையா?

டாக்டருக்கு முப்பது வயது இருக்காது. வெண்ணிலா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். தலையைப் பின்னாமல் ஒரு கிளிப்பில் செருகியிருந்தாள். அதை விடுங்கள். முதலில் கைக்குப் பலகை வைத்துக் கட்டி, வலிக்கு மருந்து கொடுத்தாள்; அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் முட்டி போட்டுக் குழந்தையின் உயரத்துக்கு இறங்கி, "என்னடா தங்கம் ஆச்சு?" என்று கேட்டாள்.

தாரகை முக்காலியிலிருந்து இறங்கினாள். நேராக நின்றாள். கை கட்டப் போனாள். கட்டுப்போட்ட கையையும் மடக்கிக் கட்டப் பார்த்தாள், முடியவில்லை, ஒரு கையை மட்டும் மார்பில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். "காலையில் பள்ளிக்குப் புறப்பட்டு மாடிப்படியில் இறங்கியபோது நான்காம் படியில்…"

"நாலாவது படியா? செருப்பு போட்டிருந்தியாடா?" என்று அந்தப் பெண் குறுக்கே கேட்கிறாள்.

பாடம் சொல்லும் பிள்ளையைக் குறுக்கே மறிக்கலாமா? பிள்ளை திகைத்துவிட்டது. திரும்பவும், "காலையில் பள்ளிக்குப் புறப்பட்டு…"

"மேல இருந்து எத்தனாவது படி?"

"காலையில் பள்ளிக்குப் புறப்பட்டு மாடிப்படியில்…"

மூன்று முறை, அம்மா. மூன்று முறையும் மறித்தாள். மூன்று முறையும் குழந்தை முதலிலிருந்து தொடங்கியது. அப்போது அந்த டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குலசேகரனை அல்ல, என்னை.

"நீங்க டீச்சரா?" என்று கேட்டாள்.

"ஆம். எப்படித் தெரிந்துகொண்டாய்?" என்றேன். எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். குலசேகரன், "நான் அவளோட அப்பா" என்றான். "தெரியும் சார். நர்ஸ் கூட இருக்காங்க. சந்தேகம்னு தோணுற எந்தப் பிள்ளையையும் தனியாத்தான் பாக்குறது." சந்தேகம்! அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே சொன்னாள். "நானுமா?" என்றேன். "நீங்களும்தான், டீச்சர்."

முப்பத்தாறு ஆண்டில் எத்தனையோ பேரை வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறேன். நான் நின்றதில்லை. அன்று நின்றேன்.

கதவு கிடையாது, பச்சைத் துணித் திரை மட்டும். காதில் விழத்தான் செய்யும். குழந்தை பேசியது கேட்கவில்லை. அந்தப் பெண் கேட்டது காதில் விழுந்தது. வீட்டில் யார் யார், பள்ளியில் யார் தோழி, என்ன பிடிக்கும் என்று எங்கெங்கோ சுற்றினாள். பிறகு, "வீட்ல படிக்கும்போது என்ன நடக்கும்னு சொல்றியா?" என்றாள். அப்புறம் மௌனம். அவளும் பேசவில்லை, குழந்தையும் பேசவில்லை. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் அவ்வளவு நேரம் விட்டால் வகுப்பு கெட்டுப் போகும். அவளுக்கு என்ன தெரியும்? குலசேகரன் திரைக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தான். சுகந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நூற்றுப் பத்து வரை எண்ணியிருப்பேன். அப்போதுதான் உள்ளே ஏதோ மெல்லிய குரல் கேட்டது.

பிறகு நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். கை ஒடிந்தவளுக்கு நெஞ்சுக்கு எதற்கு? அதைக் கேட்கத்தான் அவள் அறைக்கே போனேன். "மூச்ச இழுத்து விடச் சொன்னேன். இழுக்க பயப்படுறா. முதுகுல தொட்டா துடிக்கிறா" என்றாள். படத்தில் பின்பக்கம் இரண்டு விலா எலும்பு. ஒடிந்து, ஒட்டிக்கொண்டு வருகிறதாம். அன்றைக்கு ஒடிந்தது இல்லையாம்.

"பிள்ளைகள் என்றால் விழும், எழும்" என்றேன்.

"ஆமா டீச்சர், விழும். ஓடி விழுற பிள்ளைக்கு முழங்கால்ல, முழங்கையில, நெத்தியில அடிபடும். எலும்பு மேல தூக்கி நிக்குற இடமா பாத்து அடிபடும். இவளுக்குத் தொடையோட உள்பக்கம், காதுக்குப் பின்னால, முதுகுல. படியில விழுந்தா அங்க படாது." அப்புறம் ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பி, ஒரு வடிவம் வரைந்தாள். இரண்டு கோடு பக்கத்தில் பக்கத்தில் ஓடி, முனையில் வளைந்து சேர்கிறது. "கரண்டு ஒயர மடிச்சுப் பிடிச்சு அடிச்சா இப்படித்தான் விழும். இது மாதிரி நாலு இருக்கு."

நான் விடுவேனா? "எத்தனை நாளைக் காயம்? அதைச் சொல் பார்க்கலாம்" என்றேன். "நிறத்தப் பாத்து இத்தன நாள்னு கணக்கு சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. எடமும் வடிவமும்தான் நான் எழுத முடியும்" என்றாள். பார்த்தீர்களா? தெரியாது என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. அப்படியிருக்க, போலீசுக்கும் இந்தக் குழுவுக்கும் தகவல் கொடுத்தே தீருவேன் என்கிறாள். கொடுக்காவிட்டால் அவள் மீது குற்றமாம்.

கடைசியில், "அவ விழுந்தத நீங்க பாத்தீங்களா, டீச்சர்?" என்றாள்.

"பார்த்தேன்" என்றேன்.

நான் சொன்னதை அப்படியே, அந்த ஒரு சொல்லை, மேற்கோள் குறி போட்டு எழுதினாள். கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். மேலே ஏதோ கேட்க வாயெடுத்தாள். "ஓர் ஆசிரியையின் சொல்லைச் சோதிக்கிறாயா?" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து தாரகை மன்னார்குடியில், சுகந்தியின் அக்காள் வீட்டில் இருக்கிறாள். இன்றைக்கு முடிவு செய்யப்போகிறார்கள், தகப்பன் வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா என்று. குழந்தை இப்போது உள்ளேதான் இருக்கிறாள், உறுப்பினர்களோடு. நான் பார்த்தேன் என்று சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று வழக்கறிஞர் சொன்னாராம். வேறு சாட்சி கிடையாது. குலசேகரன் என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தே கொடுத்திருக்கிறான், இதோ. இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது, திருத்தினேன். அவன் கீழே வண்டி நிறுத்திக்கொண்டிருக்கிறான், வந்துவிடுவான்.

என்ன கேட்டீர்கள்?

எங்கே நின்று பார்த்தேனா?

இது என்ன கேள்வி, அம்மா? என் வீட்டுப் படி அது. கட்டியவள் நான். பதினேழு படி, நான்காம் படியில் சிமெண்டு பெயர்ந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாதா? அங்கே யார் வேண்டுமானாலும் விழலாம்.

நானா? நான் பூசை அறையில் இருந்தேன். காலை ஏழு மணிக்கு வேறு எங்கே இருப்பேன்?

இல்லை. பூசை அறையிலிருந்து படி தெரியாது.

தெரியாது, ஆனால் கேட்கும். நேர் மேலே அவர்கள் கூடம். எல்லாமே கேட்கும். கேட்பதும் பார்ப்பதும் ஒன்றுதானே, ஒரு வீட்டில் இருப்பவர்களுக்கு? குலசேகரன் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தான். தினமும் கேட்பான், நான்தான் சொன்னேன், காலையில் மனப்பாடம் செய்தால் நிற்கும் என்று. ஏழாம் வாய்ப்பாடு. ஏழாறு நாற்பத்திரண்டு வரை நன்றாகத்தான் சொன்னாள். அடுத்ததில் நின்றுவிட்டாள். அவன் திரும்பக் கேட்டான். முதலிலிருந்து சொல்லி வந்தாள். அதே இடத்தில் நின்றாள். இன்னொரு முறை…

அப்போது நான் வானொலியின் ஒலியைக் கூட்டினேன். செய்தி நேரம்.

என்ன செய்தி என்று நினைவில்லை.

படியில் விழும் சத்தம் எனக்குத் தெரியும், அம்மா. இடைவேளை மணி அடித்தால் எத்தனை பிள்ளைகள் உருண்டிருக்கிறார்கள். தடதடவென்று ஒரு சத்தம் வரும், பிறகு ஒரு கணம் ஒன்றும் இராது, பிறகுதான் அழுகை. அன்று வானொலியையும் மீறி எனக்கு அழுகை மட்டும்தான் கேட்டது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் கண்டிக்காதவள் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்கிறேன். மாலையில் தாரகை என்னிடம் படிக்க வருவாள். சொல்வதெழுதுதலுக்குக் குந்தி உட்கார்ந்தபோது பாவாடை விலகிற்று. கெண்டைக்காலில் ஒரு கோடு. ஒன்றா, இரண்டா… பக்கத்தில் பக்கத்தில். முனையில் வளைந்து. சீட்டின் பின்னால் அந்த டாக்டர் வரைந்தாளே, அதேபோல.

அன்றே குலசேகரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்னடா இது?" அவன் ஒளிக்கவில்லை, மறுக்கவில்லை. கை கட்டிக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா? "நீங்க அடிச்சுத்தானே டீச்சர் நான் ஆளானேன். இல்லேன்னா இட்லி கடையில தட்டு கழுவிட்டு இருந்திருப்பேன். நீங்க எனக்குச் செஞ்சத நான் என் பொண்ணுக்குச் செய்யுறேன்."

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியைக்கு இதைவிட வேறு என்ன விருது வேண்டும்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ரவை கேசரி கிண்டி மாடிக்குக் கொடுத்தனுப்பினேன். தாரகைதான் எடுத்துக்கொண்டு போனாள்.

நான் அடித்தேன், மறுக்கவில்லை. ஆனால் உள்ளங்கையில் மட்டும். ஒரு பிழைக்கு ஓர் அடி. பிரம்பை முன்கூட்டியே மேசைமேல் வைத்துவிடுவேன், எவரும் எதிர்பாராமல் வாங்கியதில்லை. அதுவும் இதுவும் ஒன்றல்ல. ஒன்றா? சொல்லுங்கள். நீங்கள் தாயாகப் போகிறவர், சொல்லலாம்.

சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். அந்த டாக்டரும் இப்படித்தான், கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். நீங்கள் எல்லோரும் இதை எங்கே கற்றீர்கள்?

மெதுவாகப் பேசுவோம். அவன் வந்துவிட்டான். நீலச் சட்டை; பின்னால் வருகிறவள் சுகந்தி.

வா, குலசேகரா. இன்னும் கூப்பிடவில்லை. தாள் என்னிடம்தான் இருக்கிறது. இவர்கள் வேறு காரியமாக வந்திருக்கிறார்கள், சும்மா பேசிக்கொண்டிருந்தோம். என்ன? நீயும் கூட உள்ளே வருகிறாயா? பக்கத்தில் நின்றால் எனக்குத் தைரியமாக இருக்குமா? எனக்குத் தைரியம் எப்போதடா குறைந்தது?

பார்த்தீர்களா, அம்மா? "அங்க உக்காரு" என்று அவளிடம் ஒரு சொல்தான் சொன்னான். எவ்வளவு சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் வகுப்பில் நாற்பது பேர் இப்படி உட்காருவார்கள். நான் அதை ஒழுங்கு என்று… இருக்கட்டும்.

என்ன குலசேகரா? மறந்துவிட மாட்டேன். நான்காம் படி, தெரியும். நீ எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா? இன்னொரு முறை சொல்லிப் பார்க்க வேண்டுமா, உன் எதிரில்?

கூப்பிடுகிறார்கள். என் பெயர்தான்.

இருங்கள், எழுந்திருக்க ஒரு கை கொடுங்கள். இந்த முழங்கால். நன்றி. இந்தத் தாளை நீங்கள் வைத்திருங்கள். ஆம், நீங்கள்தான். அவன் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒற்றுப்பிழை பார்த்தேனே தவிர, மற்றதைச் சரியாகப் பார்க்கவில்லை. கையெழுத்தும் இன்னும் போடவில்லை.

அதற்காக அந்த டாக்டரை விட்டுவிடுவேன் என்று எண்ண வேண்டாம். உள்ளே அவள் இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்வேன். என் கையெழுத்தை வாங்குமுன் அவள் என்னை எங்கே நின்றாய் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காதது அவள் பிழை.

குலசேகரா, நீ வரவேண்டாம். வெளியே நில். காரணம் கேட்காதே. டீச்சர், டீச்சர் என்று கையைப் பிடிக்காதே, விடு. விடு என்றேன். எல்லோரும் பார்க்கிறார்கள்.

சுகந்தி, எழுந்திரு. அவனைப் பார்க்காதே, என்னைப் பார். உன்னிடமும் தனியாகக் கேட்கச் சொல்லப்போகிறேன். எதையும் யோசித்து வைத்துக்கொள்ளாதே. நான் சொல்லிக்கொடுத்ததையும் சொல்லாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் அவர்கள் காத்திருப்பார்கள். வா.

தள்ளி நில், குலசேகரா. கதவை மறைக்காதே.